ஸ்கோஹாரி சாலையோரத்து நீலப் பலகைகள்

நியூயார்க் என்றதும் நமக்கு வானளாவிய கட்டடங்கள்தாம் நினைவுக்கு வரும். அதே மாநிலத்தில், தலைநகர் ஆல்பனிக்கு மேற்கே, ஸ்கோஹாரி என்றொரு கிராமப்புற மாவட்டம் இருக்கிறது. மக்கள்தொகை சுமார் 30,000. அங்கே சாலையோரங்களில் நீல நிறத்தில் மஞ்சள் எழுத்துகளோடு இரும்புப் பலகைகள் நிற்கின்றன. அமெரிக்கச் சுதந்திரப் போரின் 150ஆம் ஆண்டு நிறைவை ஒட்டி, 1926இல் மாநிலக் கல்வித்துறை இத்தகைய பலகைகளை நடத் தொடங்கியது.

ஒரு பலகையில் ஐந்தாறு வரிகளுக்கு மேல் இடமில்லை. அந்த வரிகளில் யாருடைய இழப்பு எழுதப்படுகிறது என்பதுதான் கேள்வி.

முதலில் வெள்ளையர் குடியேற்றத்தைப் பார்ப்போம். ஜெர்மனியின் ரைன் நதிப் பகுதியிலிருந்து போரும் பஞ்சமும் துரத்திய மக்களைப் பிரிட்டிஷ் அரசு 1710இல் கப்பலேற்றி நியூயார்க்குக்கு அனுப்பியது. கடற்படைக் கப்பல்களுக்குத் தேவையான தார் காய்ச்சுவதுதான் அவர்களுக்கு இடப்பட்ட வேலை. பிரயாணச் செலவை உழைத்துத் தீர்க்க வேண்டும். அந்தத் திட்டம் தோற்றது. கைவிடப்பட்டவர்களில் பல குடும்பங்கள் 1712, 1713ஆம் ஆண்டுகளில் மோகாக் பூர்வகுடியினரின் சம்மதத்தோடு ஸ்கோஹாரி பள்ளத்தாக்குக்கு வந்தன. ஆனால் ஆளுநரோ அதே நிலத்தை ஆல்பனியின் செல்வாக்குள்ள சிலருக்குப் பட்டா எழுதிக் கொடுத்துவிட்டார்! காடு வெட்டிக் கழனியாக்கியவர்கள் ஒன்று விலை கொடுக்க வேண்டும், இல்லையேல் வெளியேற வேண்டும். சிலர் பென்சில்வேனியாவுக்குப் போனார்கள். மற்றவர்கள் தங்கி, கோதுமை விளைவித்தார்கள்.

அந்தக் கோதுமைதான் பின்னர் ஜார்ஜ் வாஷிங்டனின் படைக்குச் சோறு போட்டது. அதனால்தான் 1780 அக்டோபர் 17ஆம் நாள் சர் ஜான் ஜான்சனும் மோகாக் தலைவர் ஜோசப் பிரண்டும் படையோடு பள்ளத்தாக்கில் இறங்கினார்கள். அறுவடை முடிந்து களஞ்சியங்கள் நிறைந்திருந்த நேரம். வழியெல்லாம் வீடுகளும் தானியமும் எரிந்தன. 1772இல் கட்டப்பட்ட கல் தேவாலயம் அப்போது கோட்டையாக இருந்தது. பீரங்கிக் குண்டு துளைத்த ஓட்டையை அதன் கூரை விளிம்பில் இன்றும் காட்டுகிறார்கள். அது இப்போது அருங்காட்சியகம்.

எரித்தவர்கள் எல்லாரும் அந்நியரா என்றால், இல்லை. ஆடம் கிரைஸ்லர் அதே பள்ளத்தாக்கின் விவசாயி. மன்னர் பக்கம் நின்றதால் 1777இல் ஊரை விட்டுப் போனவர், பிறகு தாக்குதல் நடத்தவே திரும்பி வந்தார்.

1780இன் தீக்கு ஓராண்டு முன்பு நடந்ததையும் சொல்ல வேண்டும். 1779இல் வாஷிங்டனின் உத்தரவுப்படி ஜெனரல் சல்லிவன் இரோகுவா மக்களின் நாட்டுக்குள் புகுந்து 40க்கும் மேற்பட்ட ஊர்களைக் கொளுத்தினார். சோள வயல்களும் பழத்தோட்டங்களும் அழிந்தன. ஆயிரக்கணக்கானோர் நயாகரா கோட்டையில் தஞ்சம் புகுந்து, கடுங்குளிரில் பட்டினி கிடந்தனர். ஸ்கோஹாரியைத் தாக்கிய படையில் அப்படி ஊரிழந்தவர்களும் இருந்தார்கள்.

சல்லிவன் சென்ற வழியிலும் நினைவுச் சின்னங்கள் உண்டு, வேறு மாவட்டங்களில். 1929இல் வைக்கப்பட்ட அவை, பகைகொண்ட பூர்வகுடிகளுக்கு எதிரான படையெடுப்பு என்றும், அமெரிக்க ஆட்சியை மேற்கே விரித்தது என்றும் பேசுகின்றன. இங்கே எரிந்தால் கொடுமை, அங்கே எரித்தால் சாதனை. இரண்டையும் ஒரே மாநில அரசுதான் எழுதியது என்பதை மறக்க வேண்டாம்.

ஸ்கோஹாரியின் வீரர் டிமத்தி மர்பியைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1777இல் சரடோகா போரில் பிரிட்டிஷ் ஜெனரல் ஃபிரேசரைச் சுட்டவர் இவர்தான் என்பார்கள். வரலாற்றாசிரியர் பலர் அதை ஐயத்தோடுதான் பார்க்கிறார்கள். கதை மட்டும் நின்றுவிட்டது.

2006 முதல் பொமராய் அறக்கட்டளை புதிய பலகைகளுக்குப் பணம் தருகிறது. அக்காலத்து மூல ஆவணத்தைக் காட்டினால்தான் தருவார்கள். நல்ல நிபந்தனைதான். ஆனால் பட்டாவும் படைக் கணக்கும் எழுதி வைத்தவர்கள் யார் என்பதையும் யோசிக்க வேண்டியிருக்கிறது.

ஸ்கோஹாரி என்ற பெயரே, ஆற்றில் மிதந்து வந்து ஒதுங்கும் மரக்கட்டைகளைக் குறிக்கும் மோகாக் சொல்லிலிருந்து வந்தது. பிரண்டும் அவரோடு நின்ற மக்களும் 1784இல் கனடாவின் கிராண்ட் நதிக்கரையில் நிலம் பெற்றுக் குடியேறினார்கள். அவர்களுடைய சந்ததியினர் இன்றும் அங்கேதான் வாழ்கிறார்கள்.