எலக்ட்ரிக் காரை 'லோ' பண்ணலாமா? லோயரிங் ஸ்பிரிங் மாட்டும் முன் பேட்டரியை நினைச்சுப் பாருங்க!

கார் பிரியர்களின் ரீல்ஸ் பக்கம் போனால் இந்தக் காட்சி கண்ணில் படாமல் இருக்காது. டயருக்கும் ஃபெண்டருக்கும் நடுவில் விரல்கூட நுழையாத அளவுக்குத் தரையோடு ஒட்டி நிற்கும் ஒரு டெஸ்லா மாடல் 3. ஸ்பிரிங்கை மட்டும் மாற்றியதில் காரின் லுக்கே மாறிவிட்டது என்பார் அதன் ஓனர். பார்த்ததும் நம்ம காரிலும் செய்தால் என்ன என்று தோன்றுவது இயல்புதான்.

பெட்ரோல், டீசல் கார்களில் பல வருஷமாக நடக்கும் வேலை இது. ஆனால் எலக்ட்ரிக் காரில் ஒரு பெரிய வித்தியாசம் இருக்கிறது. பெட்ரோல் காரின் அடியில் தரைக்கு அருகே இருப்பது சைலன்சர் குழாயும் ஆயில் தொட்டியும். எலக்ட்ரிக் காரில் அந்த இடம் முழுக்கப் பேட்டரி. காரிலேயே விலை அதிகமான பாகம் அதுதான். காரை எத்தனை மில்லிமீட்டர் இறக்குகிறோமோ, அத்தனை மில்லிமீட்டர் அந்தப் பேட்டரி ரோட்டுக்கு அருகில் வருகிறது.

லோயரிங் ஸ்பிரிங் என்றால் என்ன?

கம்பெனி கொடுத்த காயில் ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டு, அதைவிட உயரம் குறைந்த ஸ்பிரிங்கை மாட்டுவது. அவ்வளவுதான். ஷாக் அப்சார்பர் பழையதே இருக்கும். சந்தையில் கிடைப்பவை பெரும்பாலும் காரை 20 முதல் 40 மி.மீ. வரை இறக்கும்.

உயரம் மட்டும் குறைந்தால் போதாது, ஸ்பிரிங் கொஞ்சம் விறைப்பாகவும் இருக்க வேண்டும். காரணம், கார் இறங்கிவிட்டதால் சக்கரம் மேலே ஏற மிச்சமிருக்கும் இடம் குறைந்துவிடும். பழைய மென்மையே இருந்தால் ஒவ்வொரு பள்ளத்திலும் சஸ்பென்ஷன் கடைசிவரை அமுங்கி, 'பம்ப் ஸ்டாப்' எனப்படும் ரப்பர் கட்டையில் 'டங்'கென்று இடிக்கும். அதனால்தான் ஸ்பிரிங் மாற்றிய கார்களில் சின்னப் பள்ளம்கூட முதுகில் தெரிகிறது.

இருக்கிற ஸ்பிரிங்கையே ரெண்டு சுற்று வெட்டி மாட்டும் ஷெட்டுகளும் உண்டு. வெட்டிய ஸ்பிரிங் அதன் இருக்கையில் சரியாக உட்காராது, சக்கரம் முழுக்கத் தொங்கும்போது இடம் விட்டு நழுவவும் வாய்ப்பு இருக்கிறது. 1,700, 1,800 கிலோ எடையுள்ள காரில் இந்த விளையாட்டு வேண்டவே வேண்டாம்.

ஹேண்ட்லிங் கூடுமா? ரேஞ்ச் கூடுமா?

லோயரிங் ஸ்பிரிங் மாட்டுபவர்கள் சொல்லும் காரணங்கள் மூன்று: அழகு, வளைவுகளில் பிடிப்பு, ரேஞ்ச். அழகு அவரவர் கண்ணைப் பொறுத்தது, அதை விட்டுவிடலாம்.

வளைவுகளில் பிடிப்பு என்பது பாதி உண்மை. காரின் எடை மையம் கீழே இறங்கினால் வளைவில் சாய்வது குறையும். ஆனால் எலக்ட்ரிக் காரில் சில நூறு கிலோ எடையுள்ள பேட்டரி ஏற்கெனவே தரைமட்டத்தில் கிடக்கிறது. அந்த லாபத்தின் பெரும்பகுதியைக் கம்பெனியே கொடுத்துவிட்டது. போதாக்குறைக்கு, முன்பக்கம் மேக்ஃபர்சன் ஸ்ட்ரட் உள்ள கார்களில் ரொம்ப இறக்கினால் காரின் 'ரோல் சென்டர்' எடை மையத்தைவிட வேகமாகக் கீழே போய்விடும். அப்போது கார் சாயும் போக்கு உண்மையில் கூடும். விறைப்பான ஸ்பிரிங் அதை மறைத்துவிடுவதால் ஓட்டுபவருக்குத் தெரிவதில்லை.

ரேஞ்ச் விஷயத்தில் கணக்கு இன்னும் சின்னது. வேகமாகப் போகும்போது எலக்ட்ரிக் காரின் சார்ஜை அதிகம் தின்பது காற்றின் எதிர்ப்பு. கார் தாழ்ந்தால் அடியில் புகும் காற்று குறையும், அது சரி. ஆனால் எலக்ட்ரிக் கார்களின் அடிப்பக்கம் ஏற்கெனவே தட்டையாக, காற்று வழுக்கிப் போகும்படி செய்யப்பட்டிருக்கிறது. கிடைக்கும் லாபம் நெடுஞ்சாலையில் மட்டும், அதுவும் கொஞ்சம்தான். ஸ்பிரிங் மாற்றுபவர்கள் பலர் அதோடு பெரிய அலாய் வீலும் மாட்டுகிறார்கள். ஒரே காருக்குப் பெரிய வீல் எடுத்தால் ரேஞ்ச் குறையும் என்று கார் கம்பெனிகளே தங்கள் விவரப் பட்டியலில் காட்டுகின்றன. ஒரு கையில் வந்தது மறு கையில் போய்விடும்.

தயாரிப்பாளரே காரை உயர்த்திய கதை

தாழ்ந்த எலக்ட்ரிக் கார் பற்றிப் பேசும்போது 2013-ஐ மறக்கக் கூடாது. அந்த வருஷம் அக்டோபரில் அமெரிக்காவின் சியாட்டில் அருகே ஒரு டெஸ்லா மாடல் எஸ், ரோட்டில் கிடந்த பெரிய இரும்புத் துண்டின் மேல் ஏறியது. அது பேட்டரியின் அடித்தகட்டைத் துளைத்தது. தீப்பிடித்தது. அடுத்த மாதமே டென்னசியில் அதே மாதிரி இன்னொரு சம்பவம். இரண்டிலும் ஓட்டியவர்கள் காயமின்றி வெளியே வந்துவிட்டார்கள்.

மாடல் எஸ் காரில் ஏர் சஸ்பென்ஷன் உண்டு. வேகமாகப் போகும்போது காரை அது தானாகவே தாழ்த்தும். சம்பவங்களுக்குப் பிறகு டெஸ்லா முதலில் செய்தது என்ன தெரியுமா? சாஃப்ட்வேர் அப்டேட் அனுப்பி, நெடுஞ்சாலை வேகத்தில் கார் முன்புபோல் தாழாமல் இன்னும் உயரமாகவே ஓடும்படி மாற்றியது. பிறகு 2014 மார்ச்சில் அடியில் டைட்டேனியம் தகடும் அலுமினியத் தடுப்புகளும் சேர்த்தது. காரைச் செய்தவர்களே கூடுதல் இடைவெளி வேண்டும் என்று முடிவெடுத்த இடம் அது. லோயரிங் ஸ்பிரிங் அதே இடைவெளியைத்தான் குறைக்கிறது.

எல்லா உரசலும் தீயில் முடியும் என்று சொல்ல வரவில்லை. அப்படி நடப்பது அபூர்வம். அடிக்கடி நடக்கக்கூடியது பர்ஸுக்கு வரும் தீ. கனடாவில் ஹூண்டாய் அயோனிக் 5 வைத்திருந்த ஒருவரின் கதை 2023-ல் உலகம் முழுக்கச் செய்தியானது. ரோட்டில் கிடந்த ஏதோ ஒன்று உரசியதில் பேட்டரியின் பாதுகாப்பு உறையில் சேதம். புதுப் பேட்டரிக்கு வந்த எஸ்டிமேட், சுமார் 60,000 கனடா டாலர். கார் வாங்கிய விலையைவிட அதிகம்! கடைசியில் இன்ஷூரன்ஸ் நிறுவனம் காரையே கழித்துக்கட்டியது.

நம்ம ஊர் வேகத்தடையில் என்ன ஆகும்?

இங்கதான் கணக்கு சுவாரஸ்யமாகிறது. இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸ் வழிகாட்டுதல்படி, வட்ட வடிவ வேகத்தடையின் அகலம் 3.7 மீட்டர், உயரம் 10 செ.மீ. இருக்க வேண்டும். 25 கி.மீ. வேகத்தில் கடக்க ஏற்ற அளவு அது. மாடல் 3-ன் முன், பின் சக்கரங்களுக்கு நடுவே உள்ள தூரம் சுமார் 2.88 மீட்டர். அதாவது விதிப்படி போட்ட வேகத்தடையின் நடுவில் கார் வரும்போது நாலு சக்கரமும் அந்தத் திட்டின் மேலேயே இருக்கும், காரும் சேர்ந்து உயரும். தரைக்கும் வயிற்றுக்கும் நடுவே உள்ள இடைவெளியில் சுமார் 6 செ.மீ. மட்டுமே குறையும். பிரச்சினை இல்லை.

ஆனால் விதிப்படி போட்ட வேகத்தடையை நீங்கள் கடைசியாக எப்போது பார்த்தீர்கள்?

தெருவில் ராத்திரியோடு ராத்திரியாக முளைக்கும் குறுகலான திட்டுகளில் முன் சக்கரம் இறங்கிய பிறகும் பின் சக்கரம் ஏறியிருக்காது. அப்போது திட்டின் முழு 10 செ.மீ. உயரமும் காரின் வயிற்றுக்கு நேராக நிற்கும். மாடல் 3-ன் கிரவுண்ட் கிளியரன்ஸ் சுமார் 140 மி.மீ. அதில் 100 போனால் மிச்சம் 40. நாலு பேர் உட்கார்ந்தால் ஸ்பிரிங் அமுங்கிக் கார் இன்னும் 20 மி.மீ. அளவுக்கு இறங்கும். ஆக, கம்பெனி உயரத்தில் மெதுவாகப் போனால் மயிரிழையில் தப்பிக்கலாம். அதே காரை 30 மி.மீ. இறக்கியிருந்தால்? 40-ல் 30 போனால் 10 மி.மீ.தான். ஆள் ஏறியதும் அதுவும் காணாமல் போய், பேட்டரியின் அடித்தகடு கான்கிரீட்டில் உட்காரும்.

இந்தியாவில் விற்கும் எலக்ட்ரிக் கார்கள் பலவும் எஸ்யூவி உயரத்தில் வருவதால் இந்த அளவுக்கு மோசம் இல்லை. ஆனால் அந்த உயரத்தைக் கம்பெனி கொடுத்ததே இந்த ரோடுகளுக்காகத்தான். மழைக்கால சென்னையையும் சேர்த்து யோசியுங்கள். தண்ணீர் புகாதபடி சீல் செய்யப்பட்ட பேட்டரி உறை நல்ல நிலையில் இருக்கும்வரை பயமில்லை. இடிபட்டு நெளிந்த உறைக்கு அந்த உத்தரவாதம் இல்லை.

மாட்டும்போது நடக்கும் தவறுகள்

"அண்ணா, ரெண்டு மணி நேர வேலைதானே?" என்று கேட்டால் தலையாட்டாத மெக்கானிக் குறைவு. எலக்ட்ரிக் காரில் முதல் தவறு ஜாக்கியிலேயே நடக்கிறது. அடிப்பக்கம் தட்டையாக, உறுதியாகத் தெரிவதால் பேட்டரித் தகட்டிலேயே ஜாக்கியை வைத்துத் தூக்கிவிடுகிறார்கள். தூக்குவதற்கென்று கம்பெனி குறித்த இடங்கள் தனியாக உண்டு. மாடல் 3-ல் அவை நாலு. அந்தத் துளைகளில் பொருந்தும் ரப்பர் பேட் வைத்துத்தான் தூக்க வேண்டும்.

அடுத்தது ஸ்பிரிங் கம்ப்ரஸர். பல கார்களின் முன்பக்க ஸ்பிரிங்கை அதை வைத்து இறுக்கி அமுக்கித்தான் கழற்ற முடியும். சாதாரணமான ஒரு ஸ்பிரிங் 15 செ.மீ. அமுங்கியிருந்தால் அது திருப்பித் தள்ளும் விசை 450 கிலோவைத் தொடும். அதற்குள் அடைபட்டிருக்கும் ஆற்றல், முதல் மாடியிலிருந்து 10 கிலோ அரிசி மூட்டை தலையில் விழுவதற்குச் சமம். கருவி நழுவினால் கை, முகம் எதுவும் மிஞ்சாது. வீட்டு வாசலில், வாடகைக் கருவியை வைத்துக்கொண்டு செய்கிற வேலை இல்லை இது.

மூன்றாவது தவறு வெளியே தெரியாது. சஸ்பென்ஷன் ஆர்ம்களின் போல்ட்டுகளை, கார் அந்தரத்தில் சக்கரம் தொங்கும் நிலையிலேயே இறுக்கிவிடுவது. கார் தரையில் இறங்கியதும் உள்ளே உள்ள ரப்பர் புஷ் முறுக்கிக்கொண்டே நிற்கும், சீக்கிரமே கிழியும். சக்கரத்தில் எடை ஏறிய நிலையில்தான் கடைசி இறுக்கம் கொடுக்க வேண்டும்.

வேலை முடிந்ததும் வீல் அலைன்மென்ட் கட்டாயம். கார் தாழ்ந்தால் சக்கரங்களின் மேல்பக்கம் உள்ளே சாயும், நேர்கோட்டுக் கோணமும் மாறும். விளைவு, டயரின் உள்விளிம்பு மட்டும் தேயும். வெளியிலிருந்து பார்த்தால் டயர் புதுசு மாதிரி இருக்கும், உள்பக்கம் கம்பி தெரியும். எடையாலும் மோட்டாரின் இழுவிசையாலும் எலக்ட்ரிக் கார் டயர்கள் ஏற்கெனவே வேகமாகத் தேய்பவை. மாடல் 3-ல் அந்தச் சாய்வைச் சரிசெய்ய கம்பெனி அமைப்பில் வசதி குறைவு என்பதால், அங்கே ஸ்பிரிங் வாங்குபவர்கள் தனி ஆர்ம்களும் சேர்த்து வாங்க வேண்டி வருகிறது. ஹெட்லைட் கோணத்தையும் பார்க்க வேண்டும். ஆட்டோ பிரேக், லேன் அசிஸ்ட் உள்ள கார் என்றால் கேமரா, ரேடார் அளவீடும் சரிபார்க்கப்பட வேண்டும்.

சட்டம் என்ன சொல்கிறது?

ஜெர்மனியில் இது ஒரு ஒழுங்கான நடைமுறை. சான்றிதழ் உள்ள ஸ்பிரிங்கை வாங்கி மாட்டி, டியூஃப் போன்ற அமைப்பிடம் காரைக் காட்டி ஒப்புதல் பெறலாம். அமெரிக்காவில் 1975-ம் ஆண்டின் மேக்னசன்-மாஸ் சட்டப்படி, வெளிப் பாகம் மாட்டிய ஒரே காரணத்துக்காக மொத்த வாரண்டியையும் மறுக்க முடியாது. அந்தப் பாகத்தால்தான் பழுது என்று கம்பெனி காட்ட வேண்டும்.

இந்தியாவில் அப்படி வசதியான பாதை இல்லை. கேரளாவிலிருந்து வந்த ஒரு வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், தயாரிப்பாளரின் மூல அமைப்பிலிருந்து மாறும்படி வாகனத்தை மாற்றக் கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவை வைத்துத் தீர்ப்பளித்தது. அதே வருஷம் திருத்தப்பட்ட சட்டத்தின் 182ஏ பிரிவு, அனுமதிக்கப்படாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதம், அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்கிறது.

வாகனத்தின் 'அடிப்படை அம்சம்' மாறுவதைத்தான் சட்டம் மாற்றம் என்கிறது, ஸ்பிரிங் அதில் வருமா என்று வாதிடலாம். ஆனால் அந்த வாதத்தை ஆர்டிஓ ஆபீஸிலும், விபத்துக்குப் பிறகு இன்ஷூரன்ஸ் சர்வேயர் முன்பும் நின்று செய்ய வேண்டியது நீங்கள்தான். சொல்லாமல் செய்த மாற்றத்தைக் காரணம் காட்டி கிளெய்மை மறுக்கவோ குறைக்கவோ நிறுவனத்துக்கு வழி கிடைக்கும். பல கம்பெனிகள் பேட்டரிக்கு 8 ஆண்டு அல்லது 1,60,000 கி.மீ. வாரண்டி தருகின்றன. அடியில் இடிபட்ட தடமும், மாற்றிய ஸ்பிரிங்கும் சேர்ந்து சர்வீஸ் சென்டர் லிஃப்டில் தெரிந்தால் அந்த வாரண்டியை நம்பிப் பேசுவது கஷ்டம்.

செகண்ட் ஹேண்ட் வாங்குகிறீர்களா?

விற்பதற்கு முன் பழைய ஸ்பிரிங்கை மாட்டிவிடுபவர்களும் உண்டு, மாட்டாமல் அப்படியே விற்பவர்களும் உண்டு. பார்க்கப் போகும்போது ஒரு இன்ச் டேப் எடுத்துக்கொள்ளுங்கள். சக்கரத்தின் நடுவிலிருந்து ஃபெண்டர் விளிம்பு வரை நாலு பக்கமும் அளந்து, ஷோரூமில் நிற்கும் அதே மாடலோடு ஒப்பிடுங்கள். டயரின் உள்விளிம்பைக் கையால் தடவிப் பாருங்கள். கடைசியாக, பேரம் பேசும் முன் காரை லிஃப்டில் ஏற்றச் சொல்லி பேட்டரியின் அடித்தகட்டை டார்ச் அடித்துப் பாருங்கள். நீளமான கீறலோ நெளிவோ இருந்தால், கம்பெனி சர்வீஸ் சென்டரில் பேட்டரி ரிப்போர்ட் வாங்கித் தரச் சொல்லி விற்பவரிடம் கேளுங்கள். "அதெல்லாம் தேவையில்ல சார்" என்று பதில் வந்தால், அந்தக் காரை விட்டுவிட்டு அடுத்த காரைப் பார்க்கலாம்.