மரியோ பாய்ந்த காலம்: ஒரு டீவி கேமும் நமது வகுப்பறையும்



பாடசாலை விடுமுறை வந்தால் "பிள்ளை போனைக் கீழே வைக்கிறானில்லை" என்ற முறைப்பாடும் வந்துவிடும். அதில் நியாயம் உண்டு. ஆனால் முறைப்படும் வாப்பாமாரில் பலர், நம்மைப் போலவே, ஒரு காலத்தில் டீவிக்கு முன்னால் இருந்து மரியோ விளையாடியவர்கள்தான். அந்த விளையாட்டின் வரலாற்றைச் சற்றுப் பார்ப்போம்.

இலங்கையில் 1979இல் ஐ.டீ.என்., 1982இல் ரூபவாஹினி ஆரம்பமாகின. 1983இல் ஜப்பானின் நின்டெண்டோ நிறுவனம் டீவியில் பொருத்தி விளையாடும் ஃபாமிகொம் பெட்டியை வெளியிட்டது. அதற்காக 1985 செப்டம்பர் 13இல் வந்ததுதான் 'சுப்பர் மரியோ பிரதர்ஸ்'. ஷிகெரு மியமோட்டோவும் தகாஷி தெசுகாவும் வடிவமைத்தார்கள். இசை கோஜி கொண்டோ.

1981இல் வந்த 'டொங்கி கொங்'கில் மரியோ ஒரு திரைக்குள்ளேயே ஏணி ஏறினான். இதிலோ அவன் ஓட ஓட நிலமும் நகர்ந்தது. விட்டுவந்த இடத்துக்குத் திரும்பிப் போக முடியாது. உலகம் எட்டு, ஒவ்வொன்றிலும் நான்கு கட்டம், மொத்தம் 32. இவ்வளவும் 40 கிலோபைட்டுக்குள் அடங்கியது. இன்று போனில் எடுக்கும் ஒரு படம் அதைவிடப் பல மடங்கு பெரியது. இடம் போதாததால் மேகத்தின் உருவத்துக்கே பச்சை நிறம் கொடுத்துப் புதராக்கினார்கள்.

நம் வீடுகளுக்கு வந்தது நின்டெண்டோவின் சொந்தப் பெட்டியல்ல, அதன் நகல். கெசட்டில் '9999 இன் 1' என்று அச்சிட்டிருக்கும். போட்டுப் பார்த்தால் சில விளையாட்டுகளே திரும்பத் திரும்ப வரும். உருவாக்கியவர்களுக்குரிய பங்கு அந்த விலையில் போய்ச் சேரவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். படம் வராவிட்டால் கெசட்டைக் கழற்றி ஊதுவோம். கரண்ட் போனால் எட்டாம் உலகத்தில் நின்றவரும் முதலாம் உலகத்துக்கு வர வேண்டும். மஃரிப் பாங்கு சொன்னால் உம்மா வந்து சுவிட்சை அணைத்துவிடுவார்.

யாரும் நமக்கு விளையாடக் கற்றுத் தரவில்லை. ஆங்கிலமும் தெரியாது. ஆனாலும் விளையாடினோம். எப்படி?

முதல் கட்டத்தின் தொடக்கத்தில் வெற்றிடம். நடந்து பழகலாம். பிறகு கூம்பா என்ற சிறு எதிரி மெதுவாக வரும். மோதினால் ஓர் உயிர் போகும், ஆனால் சில அடிதான் நடந்திருப்போம், இழப்பு பெரிதல்ல. அடுத்த முறை பாய்வோம். மேலே உள்ள கட்டியில் தலை முட்டும், காளான் வெளியே வரும், குழாயில் பட்டு நம்மிடமே திரும்பி வரும். தொட்டால் மரியோ வளர்வான். ஒரு சொல்லும் இல்லாமல் நான்கைந்து பாடங்கள் முடிந்துவிடும்.

அந்தக் கூம்பா கடைசியாகச் சேர்க்கப்பட்டதாம். முதலில் ஆமையைத்தான் வைத்திருந்தார்கள். மிதித்து, பிறகு ஓட்டை உதைப்பது புதியவர்களுக்குக் கடினமாக இருந்தது. விளையாடுபவர்களைக் குறை சொல்லாமல், இலகுவான ஓர் எதிரியைச் செய்தார்கள். இடம் தீரும் தறுவாயில் இருந்ததால், ஒரே படத்தை இடமும் வலமும் திருப்பியே அதை நடக்க வைத்தார்கள்.

ஆசிரியர்களாக நாம் யோசிக்க வேண்டிய இடம் இது. பாடம் விளங்காத பிள்ளைக்கு நாம் இலகுவான முதல் படியைத் தேடுகிறோமா, அல்லது "உனக்கு ஏறாது" என்று உட்கார வைக்கிறோமா? தோட்டத்திலிருந்து வரும் பிள்ளையும் டவுன் பிள்ளையும் கரும்பலகைக்கு வரப் பயப்படுவது, பிழை விட்டால் வகுப்பே சிரிக்கும் என்பதால்தான். மரியோவில் நூறு முறை விழுந்தும் எந்தப் பிள்ளையும் வெட்கப்பட்டு எழுந்து போகவில்லை.

போனுக்கு நேர எல்லை அவசியம். பழைய விளையாட்டுக்கு ஒரு முடிவு இருந்தது, இன்றைய பலவற்றுக்கு அது இல்லை. ஆனால் பறிப்பதற்கு முன் ஒருநாள் பிள்ளையின் பக்கத்தில் இருந்து, "இதை எப்படிப் பழகினாய் மகன்?" என்று கேட்டுப் பாருங்கள். அவர் சொல்லும் விடை நம் வகுப்பறைக்கும் உதவும்.

அல்லாஹ் நம் பிள்ளைகளின் கல்வியில் பரக்கத் செய்வானாக. ஆமீன்.