ஒரே கோப்பு, இரண்டு சர்வர்

ரமணாசிரமம் பக்கம் அறை வாடகைக்கு விடுவோரிடம் இரண்டு வகை ஆட்கள் வருகிறார்கள். பௌர்ணமிக்குக் கிரிவலம் வரும் நம்மூர்க்காரர்கள். குளிர்காலத்தில் வந்து வாரக்கணக்கில் தங்கும் வெளிநாட்டவர்கள். அதனால் செங்கம் சாலை விடுதி ஒன்றுக்குத் தமிழில் ஒரு தளம், ஆங்கிலத்தில் ஒரு தளம் என்று செய்தேன். படங்களும் வடிவமைப்பும் பொது. ஒன்றைத் தொட்டால் மற்றதில் என்ன ஆகிறது என்று உடனே தெரிய வேண்டும். லேப்டாப்பில் இரண்டு சர்வர், அமைப்புக் கோப்பு ஒன்று. பணிகளை வரிசையாக ஓட்டும் கிரண்டிலும் (Grunt), கன்டெய்னர்களை ஓட்டும் டாக்கர் கம்போஸிலும் செய்து பார்த்தேன்.

கிரண்டில் 'கனெக்ட்' பணிக்குக் கீழே இரண்டு இலக்குகள்: தமிழுக்கு 9001, ஆங்கிலத்துக்கு 9002, அதனதன் கோப்புறை. எளிது. ஆனால் பணி முடிந்தால் கிரண்ட் மூடிக்கொள்ளும், சர்வரும் போய்விடும். அதைத் தடுக்க இரண்டு இலக்கிலும் 'கீப்அலைவ்' போட்டேன். 9001 வந்தது, 9002 வரவேயில்லை. பிழைச் செய்திகூட இல்லை. கீப்அலைவ் உள்ள பணிக்குப் பின்னால் வரிசையில் நிற்பது எதுவும் ஓடாது என்பது பிறகுதான் புரிந்தது. இரண்டிலும் அதை எடுத்துவிட்டு, கடைசியில், முடியாமல் ஓடிக்கொண்டே இருக்கும் 'வாட்ச்' பணியைச் சேர்த்தேன். இரண்டும் எழுந்தன.

கம்போஸில் இந்தத் தொல்லை இல்லை. ஒவ்வொரு சர்வரும் தனிக் கன்டெய்னர். ஒன்று விழுந்தாலும் மற்றது நிற்கும். கிரண்டிலோ இரண்டும் ஒரே நோட் செயல்முறைக்குள் ஓடுவதால், அது விழுந்தால் இரண்டும் போச்சு. ஆனால் கம்போஸுக்கு முதலில் இமேஜ்களை இறக்க வேண்டும். நினைவகமும் கூடுதலாகத் தின்னும்.

இன்னொன்று, காபிக் கடை வைஃபையில் வேலை பார்ப்பவர்கள் கவனிக்க வேண்டியது. கம்போஸில் '9001:80' என்று மட்டும் எழுதினால் அந்தப் போர்ட் எல்லா இணைப்புக்கும் திறந்துகொள்ளும். பக்கத்து மேசைக்காரரும் உங்கள் அரைகுறைத் தளத்தைப் பார்க்க முடியும். '127.0.0.1:9001:80' என்று எழுதினால் உங்கள் லேப்டாப்போடு நிற்கும்.

குக்கீ விஷயத்தில் மட்டும் இரண்டும் ஒன்றுதான். குக்கீக்குப் போர்ட் வித்தியாசம் கிடையாது. தமிழ்த் தளம் வைத்த மொழிக் குக்கீ 9002-க்கும் போய்ச் சேரும். குக்கீயின் பெயரையே மாற்றி வைப்பது நல்லது.

டேட்டாபேஸோ வேறுவேறு பிஹெச்பி பதிப்போ தேவைப்பட்டால் கம்போஸைத்தான் சொல்வேன். வெறும் பக்கங்கள் மட்டும் என்றால் கிரண்ட் தாராளமாகப் போதும். அந்த விடுதித் தளம் இன்றும் அதில்தான் ஓடுகிறது.