வேப்பலோடையில் முத்தும் இறாலும்

தூத்துக்குடியில் கடைசி முத்துச்சலாபம், அதாவது முத்துக்குளிப்பு, நடந்தது 1961-இல். 1955 முதல் நடந்து வந்த குளிப்பு அத்தோடு நின்றது. பார்கள் எனப்படும் கடலடித் திட்டுகளில் முத்துச்சிப்பி மறுபடி அந்த அளவுக்குச் சேரவில்லை. சரி, சிப்பியை வளர்த்தாவது பார்ப்போம் என்று இறங்கியது மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம். களம், நகருக்கு வடக்கே உப்பளங்களுக்கு நடுவில் இருக்கும் வேப்பலோடை.

1973-இல் அங்கே விஞ்ஞானி கே. அழகர்சாமி, சிப்பிக்குள் ஒரு சிறு மணியை வைத்து உருண்டை முத்தை விளைவித்துக் காட்டினார். அதே பத்தாண்டில் அதே ஊரில், உப்பளப் பகுதியில் குளம் வெட்டிப் பால்கெண்டையும் இறாலும் விட்டுப் பார்த்தார்கள். பேர் வாங்கியது முத்து. காசு பார்த்தது, பின்னாளில், இறால்தான்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நாகப்பட்டினம் முதல் தூத்துக்குடி வரை டைகர் இறால் குளங்கள் பெருகின. அன்றைய குஞ்சுப் பொரிப்பகத்தின் மூலதனம் கடலில் பிடிபட்ட தாய் இறால். முட்டை முதிர்வதைத் தடுக்கும் சுரப்பி அதன் கண்காம்பில் இருக்கிறது. அதனால் ஒரு கண்ணை மட்டும் காம்போடு நசுக்கியோ வெட்டியோ எடுப்பார்கள்; சில நாளில் லட்சக்கணக்கில் முட்டையிடும். கொடுமைதான், ஆனால் தொழில் ஓடியது. அந்தத் தாய் கடலிலிருந்து நோயைச் சுமந்து வந்தால் குஞ்சும் சுமக்கும். 1994–95-இல் வெள்ளைப்புள்ளி நோய் வந்தது. தலையோட்டில் வெள்ளைப் பொட்டுகள், சோர்ந்து கரையோரம் ஒதுங்கும் இறால்கள், ஒரு வாரம் பத்து நாளில் குளமே காலி.

இன்னொரு பக்கம், இறால் குளங்களின் உவர்நீர் வயலிலும் கிணற்றிலும் இறங்குகிறது என்று தஞ்சைக் கடலோரத்தில் சர்வோதயத் தலைவர் எஸ். ஜெகந்நாதன் போராடி, உச்ச நீதிமன்றம் போனார். 1996 டிசம்பர் 11-இல் நீதிபதி குல்தீப் சிங் அமர்வு, கடலோர ஒழுங்குமுறை மண்டலத்தில் உள்ள குளங்களை இடிக்கச் சொன்னது. மறுஆய்வில் அந்த உத்தரவு நிறுத்திவைக்கப்பட்டது. 2005-இல் கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையச் சட்டம் வந்து, பண்ணைகளுக்குப் பதிவைக் கட்டாயமாக்கியது.

இந்த இடத்தில், முத்துக்குளிப்பு நடத்தியவர்களின் பழைய வழக்கம் ஒன்றை நினைக்க வேண்டியிருக்கிறது. சலாபம் அறிவிக்கும் முன் பாரைச் சோதித்து, மாதிரிச் சிப்பியை எடுத்துத் திறந்து, விலை மதித்து, தேறாவிட்டால் அந்த ஆண்டு குளிப்பே இல்லை என்று விட்டுவிடுவார்கள். சிப்பி இல்லாத வருடங்கள் பல தொடர்ந்தாலும் காத்திருந்தார்கள். இறால் குளத்துக்கு அப்படி ஓய்வு கொடுக்க யாருக்கும் பொறுமை இல்லை. வங்கிக் கடனும் ஏற்றுமதி விலையும் விரட்டின.

2009-இல் வனாமி என்னும் இறால் இனத்தை வளர்க்க அனுமதி கிடைத்தது. வெளிநாட்டிலிருந்து விமானத்தில் வரும் அதன் தாய் இறால்கள், சென்னை நீலாங்கரையில் தனிமைப்படுத்திச் சோதித்த பிறகே பொரிப்பகத்துக்குப் போகும். வனாமிப் பண்ணை எவ்வளவு சிறியதானாலும் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு வசதி வேண்டும் என்றும் விதி வைத்தார்கள். உப்பளத்தை ஒட்டி இறால் பண்ணைக்கு இடம் பார்ப்பவர்கள், குத்தகைத் தொகையைப் பேசும் முன் வடிகால் எங்கே போய்ச் சேருகிறது என்று ஒரு தடவை நடந்து பார்த்துவிட்டு வரட்டும்.