காதின் துளையும் கம்பியின் கனமும்

புதுக்கோட்டை மாவட்டம் குன்றாண்டார்கோவிலில், எட்டாம் நூற்றாண்டில் குடையப்பெற்ற குடைவரை ஒன்று உண்டு. இத்தகைய பழஞ்சிற்பங்களைக் காணும்போதெல்லாம் நம் கண் முதலில் காதுகளையே நாடும். அக்காலச் சிற்பி காதை வெறுங்காதாக விடுவது அரிது. மடலைத் தாழ வடித்துக் குழையை மாட்டிவிடுவான். கல்லுக்கு வலியில்லை. ஆனால் அந்தக் காதைத் தசையில் வளர்த்துக் கொண்டவர்கள் நம் மூத்த தலைமுறைப் பெண்டிர்.

காது வளர்ப்பது ஒரே நாளில் முடிகிற காரியமன்று. மெல்லிய கம்பியால் குத்திய துளை ஆறியபின் பஞ்சுத் திரியைச் செருகுவர். அடுத்துப் பனையோலைச் சுருள். அது தானே விரிய முயன்று துளையை அகற்றும். அதன்பின் ஈயக் குணுக்கைத் தொங்கவிடுவர். தோடு என்னும் சொல்லே ஓலையைக் குறிப்பது என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். இப்படி வளர்ந்த காதில்தான் பாம்படமும் தண்டட்டியும் ஏறின. எட்கர் தர்ஸ்டன் 1906-இல் வெளியிட்ட தென்னிந்திய இனவியல் குறிப்புகளில் இவ்வழக்கத்தை விவரித்திருக்கிறார்.

நம் இல்லங்களிலோ காது மடலின் ஓரம் நெடுகத் துளையிட்டு அலுக்கத்து அணிந்தனர். மடலோரம் குருத்தெலும்பு, கீழ்ச்சோணையைப் போல நெகிழ்ந்து கொடுக்காது, புண் ஆற மாதக் கணக்காகும். ஆகவே அங்கே துளை பெருக்குவதற்கு இடமில்லை. சிறு துளைகள் பல என்பதே வழி.

மார்க்க நூல்களிலும் இப்பொருள் பேசப்பட்டிருக்கிறது. பெருநாள் தொழுகைக்குப் பின் அண்ணல் நபி (ஸல்) அவர்கள் தர்மத்தை வலியுறுத்தியபோது, பெண்கள் தம் காதணிகளைக் கழற்றி பிலால் (ரலி) அவர்களின் ஆடையில் இட்டதை ஸஹீஹ் புகாரி கூறுகிறது. அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவிக்கும் உம்மு ஸர்உ ஹதீஸில், தம் கணவர் நகைகளால் காதுகளைத் தாழ்ந்தாடச் செய்தார் என்று ஒரு பெண் பெருமை பேசுகிறாள். எனினும் இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் தமது இஹ்யாவில், தங்க வளையத்துக்காகச் சிறுமியின் காதைத் துளைப்பதற்கு அனுமதி காணவில்லை என்கிறார்கள். அது தேவையற்ற காயம் என்பது அவர்களது வாதம். ஹனஃபி சட்ட அறிஞர்கள் அனுமதித்தனர். இப்னுல் கையிமும் (ரஹ்) பெண் குழந்தைக்கு ஆகும் என்றார். நடைமுறையில் வென்றது அனுமதியே. ஆயினும் கஸ்ஸாலியின் கவலையை அலட்சியம் செய்யலாகாது என்பது நம் கருத்து.

ஏனெனில் நம் நன்னியின் இடக்காது கிழிந்தே இருந்தது. கனத்த நகை, மெல்லிய கம்பி. ஆண்டுக்கணக்கில் இழுத்து இழுத்துத் துளை கோடாகி, ஒருநாள் அறுந்துவிட்டது. "தங்கம் கூடக்கூடக் காது குறைஞ்சுபோச்சு, ராசா" என்பார்.

இதில் உள்ள கணக்கு எளியது. தொங்கும் எடை ஒன்றேயானாலும், தாங்கும் கம்பி மெலிந்தால் அது தோலின் சிறு இடத்தில் அழுந்தி, நூல் வெண்ணெயை அறுப்பதுபோல அறுக்கும். மிகத் தடித்ததைப் புதுத்துளையில் திணித்தாலோ தசை கிழிந்து தழும்பேறும். இன்று கடைகளில் கம்பியைக் 'கேஜ்' எண்ணால் சொல்கிறார்கள். எண் ஏற ஏறக் கம்பி மெலியும் என்பது பலரையும் மயக்குகிறது. 20 கேஜ் ஏறத்தாழ 0.8 மி.மீ., 18 கேஜ் 1 மி.மீ., 16 கேஜ் 1.2 மி.மீ. சோணைத் துளைக்குப் பெரும்பாலும் இவற்றுள் ஒன்றே பொருந்தும். மி.மீ. கணக்கில் கேட்டு வாங்குவது நலம்.

பழைய பத்தர்கள் எண் எதுவும் அறியாமலே இதனை அறிந்திருந்தார்கள். ஜிமிக்கி கனத்தால் மாட்டலைச் சேர்த்துச் செய்து, எடையில் ஒரு பங்கைக் கூந்தலில் ஏற்றிவிடுவார்கள். இப்போது கல்யாண வீடுகளில் மாட்டலைப் பழமை என்று ஒதுக்குகிறார்கள். ஜிமிக்கியின் பவுனை மட்டும் குறைக்க மாட்டேன் என்கிறார்கள்.