சித்திரக்காரரும் அவர்தம் குறிப்பேடும்

தமிழ் வார இதழ்களின் வரலாற்றை எழுதப் புகுவோர் பத்திராதிபர்களைப் பற்றியும் தொடர்கதை ஆசிரியர்களைப் பற்றியும் விரிவாகப் பேசுவர். சித்திரம் வரைந்தோரைப் பற்றி ஒரு வாக்கியத்தோடு அமைந்துவிடுவர். கதையைப் படித்து இன்புற்ற நாமும் படத்தின் மூலையிலிருந்த சிறு கையெழுத்தைக் கண்டும் காணாமலும் பக்கத்தைப் புரட்டியவர்களே. எனினும், தாயகத்தை விட்டுத் தொலைதூரம் வந்து குடியேறிய தமிழ்க் குடும்பங்களுக்கு அச்சித்திரக்காரர்கள் செய்த உதவி சிறிதன்று. தில்லியில் பிறந்து வளர்ந்த குழந்தைகளில் பலர் கோபுரத்தையும் தேரையும், திண்ணை வைத்த வீட்டையும், நாகசுரக் கச்சேரியையும் முதன்முதல் கண்டது தபாலில் வந்த பத்திரிகையின் பக்கத்திலேதான். ஊரை நேரில் காணாத குழந்தைக்கு அந்தப் படமே ஊராக இருந்தது. அப்படம் எவ்வளவு தூரம் மெய்யானது, அந்த மெய்ம்மையை ஓவியர் எங்ஙனம் பெற்றார் என்று ஆராய்வது நம்மனோர்க்குப் பொருத்தமான ஆராய்ச்சியாகும்.

1926ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற ஆனந்த விகடன் 1928இல் எஸ்.எஸ். வாசன் அவர்களின் கைக்கு வந்தது. 1941இல் கல்கி இதழ் தோன்றியது. இவ்விரு இதழ்களும் அவற்றைப் பின்பற்றிய பிற இதழ்களும் சித்திரத்தைக் கதையின் உடன்பிறப்பாகப் பாவித்தன. விகடனில் பணியாற்றிய மாலி என்னும் மகாலிங்கம், தாம் வரைந்ததோடு நில்லாமல் இளைஞர்களைத் தேடிப் பிடித்துத் தொழிலில் ஆளாக்கினார். கோபுலு, சில்பி ஆகிய இருவருடைய புனைபெயர்களும் அவர் சூட்டியவையே.

அக்காலத்தில் ஒரு சித்திரம் அச்சேறிய முறையை இன்றைய இளைஞர்கள் அறிந்திருக்க நியாயமில்லை. ஓவியர் தடித்த வெள்ளைத் தாளில், அச்சாக வேண்டிய அளவைக் காட்டிலும் பெரிதாக, கருமையான மையினால் வரைவார். அதனைக் காமிராவினால் சிறிதாக்கிப் படம் பிடித்து, துத்தநாகத் தகட்டில் பதித்து, திராவகத்தால் அரித்து பிளாக் செய்வர். கோடு மட்டுமே உடைய படத்திற்கு லைன் பிளாக் என்றும், நிழலும் சாயலும் உடையதற்கு ஹாஃப்டோன் பிளாக் என்றும் பெயர். மலிவான தாளில் ஹாஃப்டோன் படம் மங்கி அப்பிவிடும். ஆதலால் கோட்டில் வல்லவரே அத்துறையில் நிலைத்தனர். கோடுகள் மிக நெருங்கினால் மை தேங்கிக் கறையாகும். மிக விலகினால் படம் வெளிறிப்போகும். அச்சு யந்திரம் எதைத் தாங்கும், எதைத் தாங்காது என்பதைப் பேனா முனையிலேயே கணக்கிட வேண்டியிருந்தது.

மாதச் சம்பளம் பெற்று ஒரே காரியாலயத்தில் அமர்ந்தவர் சிலர். எவரிடமும் சேவகம் புரியாமல் பல இதழ்களுக்கும் வரைந்து, படத்திற்கு இவ்வளவு என்று கூலி பெற்ற சுயேச்சைச் சித்திரக்காரர் பலர். பின்னவருடைய வாழ்வு விடுதலை மிக்கதெனத் தோன்றும். அதன் சிரமம் வெளியே தெரியாது. தீபாவளி மலர் காலத்தில் உறங்க நேரமிராது. அது முடிந்தபின் கையைக் கட்டிக்கொண்டு காத்திருக்க நேரும். எழுத்தாளர் அத்தியாயத்தைத் தாமதமாக அனுப்பினாலும் பிளாக் செய்பவர் காத்திருக்கமாட்டார். கையெழுத்துப் பிரதி முழுவதும் வந்து சேராமல், இன்ன இடம், இன்ன பாத்திரங்கள், இன்ன சம்பவம் என்று வாய்மொழியாகக் கேட்டு ஒரே இரவில் படத்தை முடித்துக் கொடுக்க வேண்டிய நாள்களும் உண்டு. முதல் வாரம் வரைந்த கதாநாயகியின் முகம் ஐம்பதாவது வாரத்திலும் மாறலாகாது. மாறினால் வாசகர் கடிதம் எழுதிக் கேட்பர்.

இத்தகைய அவசரத்தில் மனம்போன போக்கில் வரைந்தால் படம் பொய்யாகிவிடும். கைகொடுப்பது ஸ்கெட்ச் புத்தகம் என்று வழங்கும் சித்திரக் குறிப்பேடு. ரயில் நிலையத்திலும் சந்தையிலும் கோயில் மண்டபத்திலும் நின்றபடியே பென்சிலால் விரைந்து பதித்துக்கொள்ளும் கோடுகள் அதில் நிறைந்திருக்கும். சுமை தூக்கும் கூலியாளின் முதுகு எங்கே வளைகிறது? மாட்டு வண்டியின் நுகத்தடி எங்கே பூட்டப்படுகிறது? மடிசாரின் கொசுவம் எப்பக்கம் விழுகிறது? தவில் வாசிப்பவர் வலக்கை விரல்களில் அணியும் கூடுகள் எத்தகையவை? இவை யாவும் அழகுக்காக எழுதிய படங்கள் அல்ல. பின்னொரு நாள் தேவைப்படும் எனச் சேர்த்து வைத்த தானியம் போன்றவை. குதிரில் நெல் உள்ள வீட்டில் நடுநிசியில் விருந்தினர் வந்தாலும் உலை வைக்கலாம். குறிப்பேட்டில் சேமிப்புள்ள ஓவியரும் ஒரே இரவில் மெய்யான படத்தைத் தர இயலும்.

கோபுலு (1924–2015) தஞ்சையிற் பிறந்து, கும்பகோணம் ஓவியப் பள்ளியில் பயின்றவர். தியாகப்பிரம்மம் வழிபட்ட இராமபட்டாபிஷேகப் படத்தை நேரிற் பார்த்து வரைந்து வருமாறு இளைஞராயிருந்த அவரை மாலி அனுப்பினார். கண்ணாற் கண்டதைக் கையாற் கொணர்வதே அவருக்கு இடப்பட்ட முதற்பாடம். பின்னர் கொத்தமங்கலம் சுப்புவின் தில்லானா மோகனாம்பாளுக்கு அவர் வரைந்த படங்களில் அப்பாடத்தின் பயனைக் காணலாம். நாகசுரத்தை ஏந்தும் கையும், சபையில் அமர்ந்தோரின் தலையசைப்பும், சதங்கை கட்டிய காலும் காவிரிக் கரையை அறிந்தவர் கண்டு தலையாட்டும்படி அமைந்தன. 1968இல் அக்கதை திரைப்படமாக வருவதற்கு முன்னரே வாசகர் உள்ளத்தில் சண்முகசுந்தரத்திற்கும் மோகனாவிற்கும் முகம் இருந்தது. விகடனை விட்டபின் விளம்பரத் துறையிற் சென்று சொந்த நிறுவனம் கண்ட அவர், பத்திரிகைச் சித்திரத்தையும் கைவிடவில்லை. முதுமையில் நோயினால் வலக்கை செயலிழந்தபோது இடக்கையால் வரையப் பழகிக்கொண்டார். பல்லாண்டுப் பழக்கத்தால் கண் கற்றிருந்ததை மற்றொரு கையும் ஏற்றுக்கொண்டது.

மணியம் (1924–1968) சென்னை ஓவியப் பள்ளியில் பயின்று கல்கி இதழில் சேர்ந்தவர். 1950 முதல் 1954 வரை பொன்னியின் செல்வனுக்கு வாரந்தோறும் அவர் எழுதிய சித்திரங்களே சோழர் காலத்தை நம் கண்முன் நிறுத்தின. பத்தாம் நூற்றாண்டின் மனிதரை நேரிற் கண்டு வரைதல் எவர்க்கும் இயலாது. எனவே கல்கி அவரை உடன் அழைத்துக்கொண்டு வரலாற்றிடங்களுக்குச் சென்றார். கொண்டையையும் அணிகலனையும் ஆயுதத்தையும் கல்லிலிருந்தும் சுவரோவியத்திலிருந்தும் பயின்றதனால், வந்தியத்தேவனும் குந்தவையும் நாடக மேடை வேடதாரிகளைப் போலன்றி மண்ணில் நடமாடியவர்களைப் போலத் தோன்றினர். பிற்காலத்தில் அவரும் காரியாலயத்தை விட்டுச் சுயேச்சையாகத் தொழில் புரிந்தார். நாற்பத்து நான்காம் வயதிலேயே மறைந்தது தமிழ்ச் சித்திரக்கலைக்குப் பேரிழப்பு.

குறிப்பேட்டின் இலக்கணத்திற்கு முழு எடுத்துக்காட்டாக விளங்கியவர் சில்பி. இயற்பெயர் பி.எம். சீனிவாசன். 1919இல் நாமக்கல்லில் பிறந்தார். தாமும் ஓவியராயிருந்த நாமக்கல் கவிஞர் இராமலிங்கம் பிள்ளை இவரது திறமையைக் கண்டு சென்னை ஓவியப் பள்ளிக்கு அனுப்புமாறு தூண்டினார். அங்கே தலைவராயிருந்தவர் தேவி பிரசாத் ராய் சௌத்ரி. தில்லி சர்தார் படேல் சாலையில் நாம் அடிக்கடி கடந்து செல்லும் தண்டி யாத்திரைச் சிற்பத் தொகுதியை வடித்தவர் அவரே. அவரிடம் பயின்று வெளிவந்த சில்பி, விகடனில் ‘தென்னாட்டுச் செல்வங்கள்’ என்னும் வரிசையில் கோயில் கோயிலாகச் சென்று தூண்களையும் சிற்பங்களையும் திருமேனிகளையும் வரைந்தார். புகைப்படத்தைப் பார்த்து எழுதுவது எளிது. ஆனால் அவர் சிற்பத்தின் எதிரிலேயே அமர்ந்து, விளக்கொளி எவ்விடத்தில் விழுகிறது, உளி எவ்விடத்தில் திரும்பியது என்று கவனித்துக் கோடு கோடாக எழுதினார். அங்கே குறிப்பேட்டின் பக்கமே பத்திரிகையின் பக்கமாகிவிட்டது.

22 ஆண்டுகள் விகடனில் பணியாற்றியபின் சில்பி சுயேச்சை ஓவியரானார். கல்கி, கலைமகள், அமுதசுரபி, தினமணி கதிர் முதலிய இதழ்களும், பம்பாயிலிருந்து ஆங்கிலத்தில் வெளிவந்த பவன்ஸ் ஜர்னலும் அவருடைய சித்திரங்களை வெளியிட்டன. தமிழ் அறியாத வாசகருக்கும் தென்னாட்டுக் கோயிற்கலை இவ்வழியே சென்று சேர்ந்தது. 1983இல் அவர் மறையும்வரை வரைந்துகொண்டே இருந்தார். விகடன் வரிசை பின்னர் இரு தொகுதிகளாக நூலுருவம் பெற்றதனால் அவருடைய உழைப்பில் ஒரு பெரும்பகுதி நமக்குக் கிடைத்துள்ளது.

அந்த நற்பேறு மற்றவர்க்கு எளிதில் வாய்க்கவில்லை. பிளாக் செய்து முடிந்ததும் மூலச் சித்திரத்திற்கு வேலை தீர்ந்தது எனக் கருதிய காலம் அது. படங்கள் காரியாலயத்து அலமாரிகளில் தங்கின. இட நெருக்கடி ஏற்பட்டபோது பழைய தாளோடு தாளாகக் கழிந்தன. குறிப்பேடுகளின் கதி அதனினும் பரிதாபமானது. அச்சேறாத கிறுக்கல்கள் என்று வீட்டாரே எண்ணியிருக்கக்கூடும். சுயேச்சைச் சித்திரக்காரருக்கு ஓய்வூதியம் இல்லை. தம் படத்தின்மீது பெரும்பாலும் உரிமையும் இல்லை. முற்றிலும் தமக்கே சொந்தமென்று அவர் வைத்திருந்தது அந்தக் குறிப்பேடு ஒன்றே. அது அழிந்தால், ஒரு காலத்து மக்கள் எப்படி உடுத்தினர், எப்படி அமர்ந்தனர், எதைச் சுமந்தனர் என்பதற்குக் கண்ணாற் கண்ட சாட்சியம் ஒன்று அழிகிறது.

இந்நிலையில் நம்மால் இயன்ற தொண்டு ஒன்று உண்டு. தொடர்கதைப் பக்கங்களை வாரந்தோறும் கிழித்துச் சேர்த்து, ஊசி நூலால் தைத்து, காலிகோ அட்டையிட்டுக் காப்பது நம் பாட்டிமார், தாய்மாரின் வழக்கம். பின்னாளில் நூலாக வந்த பதிப்புகளிற் பலவற்றில் மூலச் சித்திரங்கள் இடம்பெறவில்லை. வீட்டில் தைத்த தொகுப்புகளில் அவை இருக்கின்றன. தாம்பரத்திலோ தஞ்சையிலோ கிடைக்காத ஒரு படம் நம் குடியிருப்பு வீட்டுப் பரணில் உறங்கிக்கொண்டிருக்கலாம். வீடு மாற்றும்போதும் வெள்ளையடிக்கும்போதும் அவற்றைப் பழைய பேப்பர்க்காரரிடம் எடை போட்டுக் கொடுத்துவிட வேண்டாம். சங்கத்தின் நூலகத்திற்குத் தந்தால், பிரதி எடுத்துக் காப்பதற்கு இன்று வழிகள் பல உள்ளன.

அதனோடு, சித்திரத்தில் நாட்டமுள்ள குழந்தைக்கு வண்ணப்பெட்டி வாங்கித் தரும் பெற்றோர் கோடிடாத நோட்டு ஒன்றையும் ஒரு பென்சிலையும் சேர்த்துத் தருவாராக. விடுமுறையில் ஊருக்குச் செல்லும்போது அக்குழந்தை கோயில் தூணின் எதிரே அரைமணி நேரம் அமரட்டும். பாட்டி அரிவாள்மணையில் காய் நறுக்குவதையும் பக்கத்தில் அமர்ந்து வரையட்டும். கோணலாக வந்தாலும் குறைவில்லை. தன் ஊரைத் தன் கண்ணாலேயே கண்டு எழுதிய படம் ஒன்று அதன் கையில் இருக்கும்.