பாடலுக்குக் கூலி கேட்டவர்

ஒன்யெகா ஒன்வெனு என்றதும் நைஜீரியர்கள் 'ஒன் லவ்' பாடலைச் சொல்வார்கள். எனக்கு முதலில் நினைவுக்கு வருவது அவருடைய உண்ணாவிரதம்.

2000ஆம் ஆண்டு. நாட்டின் அரசுத் தொலைக்காட்சியான என்.டி.ஏ. அவருடைய 'இயோகோகோ' பாடலைப் பயன்படுத்திக்கொண்டு ராயல்டி தர மறுத்தது. அவர் முன்பு வேலை பார்த்த அதே நிறுவனம்தான். அதன் வாசலிலேயே பட்டினி உட்கார்ந்தார். சில நாட்களில் நிர்வாகம் உடன்பாட்டுக்கு வந்தது. பாடுகிறவளுக்குக் கைதட்டல் போதும், காசு எதற்கு என்று நினைக்கிறவர்கள் எங்கும் உண்டு. பட்டினி கிடந்துதான் அவர்களுக்குப் புரியவைக்க வேண்டியிருக்கிறது, அதுவும் இவ்வளவு புகழ்பெற்ற ஒருவர்!

1952இல் பிறந்த இக்போ இனப் பெண். நான்கு வயதில் தந்தையை இழந்தவர். அமெரிக்காவில் படித்துவிட்டு 1980இல் ஊர் திரும்பினார். பிபிசியும் என்.டி.ஏ.வும் சேர்ந்து தயாரித்து 1984இல் வெளியான ஆவணப்படத்தை எழுதி, குரலும் கொடுத்தார். எண்ணெய்ப் பணத்தை ஆளுகிறவர்கள் சூறையாட, எண்ணெய் எடுக்கப்பட்ட நைஜர் டெல்டா மக்கள் வறுமையில் கிடந்ததை அது பேசியது. அரசு ஊடகத்தில் இருந்துகொண்டே இதைச் சொன்னார் என்பதை மறந்துவிடக் கூடாது.

வின்னி மண்டேலாவைப் பற்றிப் பாடினார். கிங் சன்னி அடேவுடன் குடும்பக் கட்டுப்பாட்டுக்காகப் பாடினார். நோலிவுட்டிலும் நடித்தார். பியாஃப்ரா போரைப் பற்றிய 'ஹாஃப் ஆஃப் எ யெல்லோ சன்' படத்தில் மகனின் காதலியை ஏற்க மறுக்கும் தாய் அவர்தான். தேர்தலிலும் நின்றார், தோற்றார்.

2024 ஜூலை 30, லாகோஸில் ஒரு பிறந்தநாள் விழா. பாடி முடித்த சற்று நேரத்தில் சரிந்தார். அன்றே உயிர் பிரிந்தது. வயது 72.